ஐந்தே முக்கால் அடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிடுவேன். மறதியும் ஜாஸ்தி. இது போன மழைக்காலத்தில் நடந்ததா, மழை விட்ட பிறகா என்று இப்போதே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரி மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் மட்டும் மறக்கவில்லை. அவள் இந்தக் கதையைத் தெருவில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். என்னால் நாலு பேர் முன்னால் பேச முடியாது.

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், நானும் அவளும் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே அளவு மெஷினில் வேலை செய்தோம். சாயம் ஏற்றிக் காயவைத்த ஆட்டுத்தோலை மெஷினுக்குள் விட்டால், முள் சுற்றி, தோல் எத்தனை சதுர அடி என்று காட்டும். நாங்கள் வெறுமனே அடி என்போம். முள்ளைப் பார்ப்பது நான். பார்த்துக் கத்திச் சொல்வதும் நான். தோலின் சதைப்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் அந்த அளவை எழுதுவதும் நான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கத்துவதை நோட்டில் எழுதுவாள். அவள் எட்டாவது படித்தவள். மூன்று வகுப்புதான் வித்தியாசம். அதற்கு அவளுக்கு நாற்காலி. நான் அத்தனை வருஷமும் நின்றேன்.

அடிக்குக் கீழே எங்களுக்குக் கால் கணக்குதான். ஐந்தே முக்கால் அடி என்றால் தோலில் ஐந்து போட்டு, அதன் தலைமேல் சின்னதாக மூன்று போடுவேன். மூன்று கால் என்று அர்த்தம். அரைக்கு இரண்டு, காலுக்கு ஒன்று. நாலு கால் சேர்ந்தால் ஒரு முழு அடி ஆகிவிடும், அதனால் தலைமேல் நாலு என்று ஒருநாளும் வராது. அவள் நோட்டில் கோடு நெருக்கம். தலைமேல் எழுத இடம் இல்லாமல் பக்கத்தில் புள்ளி வைத்து 5.3 என்று எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

என் மருமகள் அரக்கோணத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். திங்கட்கிழமை காலையில் வேலைக்குச் சென்னை ரயிலேறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்புவாள். மகன் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. வந்தால் சாப்பிடுவான், போனைப் பார்ப்பான். இந்த வீட்டில் பேச்சு சத்தம் கேட்பது அவள் இருக்கிற சனி ஞாயிறில்தான். வந்த புதிதில் ஒருநாள் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, உங்க முடி இன்னும் இவ்ளோ கருப்பா இருக்கே அத்தே என்றாள். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

நாங்கள் வேலை செய்த அதே ஷாப்பில் இன்னும் பழைய அளவு மெஷின்தான், நோட்டுதான். இப்போது முதலாளியின் மகன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றாராம். மருமகள் நான் செய்து காட்டுகிறேன் என்று ஒரு வாரம் லீவு போட்டாள். அடுத்த திங்கட்கிழமை காலை ஷாப்பில் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் அந்த வேலை இவளுக்கு. மேல்விஷாரத்தில் முதலாளியின் சொந்தக்காரர் ஷாப்பும் சேர்ந்து வரும். வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், சென்னை வேண்டாம். பிடிக்காவிட்டால் பழையபடி ரயில். அவள் இதைச் சொன்னபோது நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கையில் பட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

முதல் நாள் என்னிடம்தான் கேட்டாள்.

"அத்தே, நீங்களும் அங்கதான வேலை செஞ்சீங்க? அளவு நோட்டு எப்பனா எழுதியிருக்கீங்களா?"

"இல்லம்மா. நோட்டு நான் எழுதல."

அது நிஜம்தானே. நான் எழுதினது தோலில். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப யாரு எழுதுவாங்க?"

பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து மோவாயைக் காட்டினேன். அந்த நிமிஷத்தில்தான் என் வாரம் கெட்டது.

அவள் வந்தாள். கடைசியாக எழுதின நோட்டை ரிட்டயர் ஆகும்போது கேட்டு வாங்கி வந்து, பிரவுன் பேப்பர் அட்டை போட்டு பீரோவில் வைத்திருந்தாளாம். எனக்கே அது தெரியாது. எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றில் மருமகள், ஒன்றில் அவள். நான் அடுப்பு மேடை ஓரம் நின்றேன். ரிட்டயர் ஆகியும் என் இடம் மாறவில்லை.

"யக்கா, டீ போடறியா? சக்கரை கம்மியா," என்றாள்.

போட்டேன். மருமகள் வெள்ளை கப்பில் ஊற்றச் சொன்னாள். அந்த கப்பு எனக்கென்று அவள் வாங்கி வந்தது.

அதைவிட மோசம், அவளையும் அத்தே என்று கூப்பிட்டாள். ஊர் வழக்கம்தான், வேறென்ன கூப்பிடுவாள். ஆனாலும் அத்தே என்ற சத்தம் கேட்டு இரண்டு தடவை நான் திரும்பினேன். இரண்டு தடவையும் எனக்கு இல்லை.

மருமகள் சொல்லிக்கொண்டே செய்வாள். நான் புளி கரைத்துக்கொண்டே கேட்பேன். சிலது புரிந்தது, சிலது புரியவில்லை. புரிந்ததை எழுதுகிறேன்.

"ஒரு வரி ஒரு தோலு," என்றாள். "ஒவ்வொரு கட்டத்துலயும் எந்த வகை வரலாம்னு முதல்லயே சொல்லி வெச்சிடுவேன். சாயம்னா சாயத்து பேரு. கிரேடுன்னா நீங்க தோலு தரத்துக்குப் போடற மூணு எழுத்துல ஒண்ணு, இல்லன்னா ரிஜெக்ட்டு. அங்க போயி வேற எதனா போட்டா ப்ரோக்ராமு ஓடவே ஓடாது."

"அடம் புடிக்குமா?" என்றாள் அவள்.

"புடிக்கும். அதுக்காகத்தான் இந்த கம்ப்யூட்டர் மொழியில எழுதறேன். இதுல எதையும் அழிச்சி எழுதறது கெடையாது அத்தே. இந்த மாதிரி கட்டம் போட்ட ஒரு டேபிளை உள்ள விட்டா புதுசா ஒரு டேபிள் வெளிய வரும், பழசு அப்படியே இருக்கும். அதே டேபிளை நூறு தடவை விட்டாலும் அதே விடைதான்."

"நம்ம அளவு மெஷினு மாதிரின்னு சொல்லு. தோலு உள்ள போவும், நம்பரு வெளிய வரும்."

"ஆமா அத்தே, கரெக்டு," என்று மருமகள் சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. மெஷின் என்னுடையது. அவள் ஒருநாளாவது முள்ளைப் பார்த்திருப்பாளா? அதுவும் அவள் சொன்னது தப்பு. மழை ஈரத்தில் அதே தோல் கால் அடி கூடக் காட்டும், வெயிலில் சுருங்கும். நூறு தடவை விட்டால் நூறும் ஒன்றாக வராது. அது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். புளியைப் பிழிந்தேன்.

மறுநாள் நோட்டைப் புரட்டும்போது மருமகள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். கிரேடு கட்டத்தில் சில தோலுக்குச் சின்னக் கோடு, சிலதுக்குப் பெருக்கல் குறி.

"இது இன்னா அத்தே, ரெண்டும் வேற வேறயா?"

"பெருக்கலுன்னா ரிஜெக்ட்டு. கோடுன்னா இன்னும் கிரேடு பாக்கலன்னு அர்த்தம்."

மருமகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கெட்டுப் போச்சுங்கறது வேற, இன்னும் தெரியலங்கறது வேற. எங்க ஆபீஸ்ல படிச்சவங்களே இத ஒண்ணா போட்டுக் குழப்பி வெச்சிருப்பாங்க. நீங்க தனித்தனியா வெச்சிருக்கீங்க பாருங்க. இதுக்குன்னே ஒரு வகை இருக்கு. இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும்னு. நீங்க சூப்பர் அத்தே."

அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். கிரேடு பார்க்காத தோல் வந்தால் "இன்னும் பாக்கல" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினது என் தொண்டை. அவள் போட்டது ஒரு கோடு. அதற்கு சூப்பர்.

வியாழக்கிழமை என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். தரையைத் துடைக்க வந்தவள் லேப்டாப்பைப் பார்த்தேன். எப்போதும் பார்க்க மாட்டேன், அன்றைக்குப் பார்த்தேன். சோதனைக்கு மூன்று தோல் மட்டும் போட்டிருந்தாள். 5.3, 6.2, 4.3. கீழே கூட்டல் 15.8.

புள்ளிக்குப் பக்கத்தில் எட்டு. என் வாழ்நாளில் நான் பார்க்காத அளவு. எட்டு கால் எங்கே இருக்கிறது? கையில் துணியோடு மனசுக்குள் கூட்டினேன். ஐந்தே முக்கால், ஆறரை, பன்னிரண்டே கால். நாலே முக்கால் சேர்த்தால் சரியாகப் பதினேழு அடி. மூன்றே தோலில் ஒரு அடிக்கு மேல் முழுங்கிவிட்டது. ஷாப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தோல் வரும். முதலாளி மகன் சின்ன வயசிலிருந்து தோல் பார்த்தவர். திங்கட்கிழமை அந்த எட்டைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. மருமகளுக்கு அது படித்தவர்கள் எழுதுகிற புள்ளிக் கணக்கு. எங்களுக்குக் கால் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரி அதைச் சொல்லவில்லை. ஏமாற்றுவதற்காக இல்லை. அடி என்றால் முக்கால் அரை கால்தான், இதை யாராவது சொல்ல வேண்டுமா என்று இருந்திருப்பாள்.

மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கூச்சம் என்று எழுதி முடித்துவிடலாம். பாதிதான் நிஜம். தப்பு அவள் நோட்டிலிருந்து வந்தது, அவள் வைத்த புள்ளியிலிருந்து வந்தது. நான் தலைமேல் எழுதினேனே, அதை யாரும் புள்ளியாகப் படிக்க முடியாது. திங்கட்கிழமை அந்த ஆபீஸில் அவள் முத்து முத்தான கையெழுத்து மானம் கெடட்டும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வெள்ளை கப்பில் டீ குடித்தபோது நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு புடவை.

"யக்கா, நாளைக்கு எத கட்டிக்கினு போவட்டும்? இவ என்னையும் ஷாப்புக்கு இட்டுக்கினு போறாளாம். நோட்ட பத்தி கேட்டா சொல்லணுமாம்."

"பச்சைய கட்டு," என்றேன். பச்சை அவளுக்கு எடுக்காது.

மருமகள் பின்பக்கம் இருந்தாள். நான் அங்கே போனபோது, துவைத்த பையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சென்னைக்குக் கொண்டுபோகிற நீலப் பை. தலைகீழாகத் தொங்கி, ஜிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத எதுக்கும்மா இப்ப துவைச்ச?"

"நாளைக்கு அவங்க வேணான்னுட்டா மத்தியானமே ரயிலு புடிக்கணும் அத்தே. லீவு முடிஞ்சிடுச்சி."

அந்தப் பையை வாரா வாரம் பார்த்திருக்கிறேன். மூன்று நாளாக நான் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில், இந்தப் பையை மறந்துவிட்டேன். அவள் மானம் போனால் இவளும் போவாள்.

ஆனாலும் வாய் வரவில்லை. உள்ளே போய், தையல் டப்பாவில் கிடந்த சிவப்புப் பென்சில் துண்டை எடுத்தேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் ஐந்து போட்டு தலைமேல் மூன்று, ஆறு போட்டு தலைமேல் இரண்டு, நாலு போட்டு தலைமேல் மூன்று. கீழே கோடு கிழித்துப் பதினேழு. கொண்டுபோய் லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

மருமகள் வந்து தாளை எடுத்துப் பார்த்தாள். "இன்னா அத்தே இது? அஞ்ச மூணு தடவ பெருக்கணுமா? நூத்தி இருபத்தஞ்சா?"

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அய்யே, நூறுமில்ல ஒண்ணுமில்ல. அஞ்சே முக்காலு. அக்கா தோலுல அப்படித்தான் எழுதுவா."

"அப்ப உங்க நோட்டுல 5.3 ன்னு இருக்கே?"

"அதுவும் அஞ்சே முக்காலுதான்."

மருமகள் தாளைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பதினைந்து புள்ளி எட்டைப் பார்த்தாள்.

"அத்தே, இத நீங்க சொல்லவே இல்லியே."

"நீ எங்க கேட்ட? அடின்னா முக்காலு அரை காலுதான். இது யாருக்குத் தெரியாது?" என்றாள் அவள். குரலில் தெம்பு இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ இத எப்ப பாத்த யக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வியாழக்கெழம," என்றேன்.

"மூணு நாளா வாயில இன்னா வெச்சிருந்த, கொழுக்கட்டையா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க அத்தே. எல்லாத்தையும் சொல்லுங்க. அடி இல்லாம வெறும் காலு வருமா? தலைமேல ஒண்ணுமே இல்லாம வருமா?"

அவள் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொன்னேன். நடுநடுவே பக்கத்து வீட்டுக்காரியும் சொன்னாள், விடுவாளா. மருமகள் அடிக் கட்டத்துக்கு ஒரு புது வகை செய்தாள். முழு அடி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கால் பக்கத்தில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, இந்த நாலைத் தவிர வேறு எதுவும் உட்கார முடியாது. கூட்டும்போது நாலு கால் சேர்ந்தால் தானாக ஒரு அடியாகிவிடும். சாதாரண நம்பரோடு இதைக் கூட்டச் சொன்னால் கூட்டாது.

அந்த ஒரு இடத்தில் மாற்றினதும் திரையில் அங்கங்கே சிவப்புக் கோடு வந்தது. எனக்கு பயமாகிவிட்டது.

"கெடுத்துட்டனா?"

"இல்ல அத்தே. எங்கெங்கல்லாம் இத சும்மா நம்பருன்னு நெனச்சி கூட்டியிருக்கேன்னு அதுவே காட்டிக் குடுக்குது. ஒண்ணொண்ணா சரி பண்ணா போதும்."

பதினோரு இடம். ஒவ்வொரு சிவப்பும் போகப் போக நான் எண்ணினேன். கடைசியில் கீழே 17 என்று வந்தது.

"தலைமேல நாலு போட்டுப் பாரேன்," என்றேன்.

போட்டாள். எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். அப்போதும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தது எனக்கு அத்தனை ருசியாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஷாப்புக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டாள் மருமகள். அங்கே பெரிய மனுஷர்கள் இருப்பார்கள், நான் வரவில்லை என்றேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி பச்சைப் புடவையில் போனாள். எடுத்துத்தான் இருந்தது.

மத்தியானம் வந்தார்கள். ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மருமகள் முதலில் பின்பக்கம் போய், காய்ந்த நீலப் பையை எடுத்து மடித்துப் பரண்மேல் போட்டாள். அதைப் பார்த்ததும் நான் சமையலறைக்குள் போய்விட்டேன், கண் அப்படி இருந்தது. பின்னாலேயே வந்து சொன்னாள்.

"கால் கணக்குக்குத் தனி வகை வெச்சத பாத்துட்டு, தோலு தெரியாத பொண்ணுக்கு இது எப்படித் தெரிஞ்சிதுன்னு கேட்டாரு அத்தே. எங்க ரெண்டு அத்தையும் சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னேன்."

ரெண்டு அத்தையும். நான் ரசத்தைக் கிளறினேன்.

அதோடு விட்டார்களா? முதலாளி மகன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாராம். ப்ரோக்ராமைத் திறந்தால் முதலில் அந்தப் பக்கம்தான் தெரிய வேண்டும் என்றாராம். இப்போது மருமகள் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். தினமும் காலையில் லேப்டாப்பைத் திறக்கிறாள், நான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியின் கையெழுத்து, முத்து முத்தாக. அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு அளவும் நான் முள்ளைப் பார்த்துக் கத்தினது. நான் எழுதினதெல்லாம் தோலோடு போய்விட்டது. வெட்டி, தைத்து, ஷூவுக்குள்ளே சதைப்பக்கம் ஒட்டி, எந்த ஊரிலோ எவர் காலிலோ இருக்கும்.

நான் எழுதினதில் தப்பு இருந்தால் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் விஷயம் மருமகள் சொன்னதைக் கேட்டு எழுதினது, அந்தப் படிப்பு படித்தவர்கள் ஒருதடவை படித்துப் பார்க்கவும். சிவப்பு வந்தது பதினோரு இடம்தானா, பத்தா என்றும் எனக்கு நிச்சயமில்லை. அந்த மூன்று தோல் 5.3, 6.2, 4.3 தானா என்பதை நோட்டில்தான் பார்க்க முடியும், வேறு எங்கேயும் இல்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. கேட்டால் தருவாள். நான் அனுப்பினேன் என்று மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம்.